எச்பிஎஸ்பியில் படித்த ஆண்டுகளை ரிசர்வ் ஓய்வூதியத்தில் சேர்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

அமெரிக்க முப்படைகளின் செலவில் மருத்துவம் படித்தவர்களிடம் "படித்த நாலு வருஷம் பென்ஷனுக்குக் கணக்காகுமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு சாரார் "ஒரு நாள்கூடச் சேராது" என்பார்கள். இன்னொரு சாரார் "கமிஷன் (படை அதிகாரியாக நியமனம்) வாங்கிய அன்றைக்கே கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது" என்பார்கள். இரண்டும் தப்பு. இருபது ஆண்டு முழுநேரப் படைப்பணி செய்து வாங்கும் ஓய்வூதியத்துக்கு அந்தக் காலம் சேராது. பகுதிநேரப் படையான ரிசர்வின் ஓய்வூதியத்துக்குச் சேரும், ஆனால் தானாகச் சேராது. சில நிபந்தனைகளை முடித்து, ஒவ்வோர் ஆண்டாகச் சம்பாதித்து, கேட்டும் வாங்க வேண்டும். கேட்காதவர் கணக்கில் அந்த நான்கு ஆண்டும் வெறுமையாகவே கிடக்கும்.

எச்பிஎஸ்பி என்பது தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் நடத்தும் சுகாதாரத் தொழில் உதவித்தொகைத் திட்டம். 1972-இல் வந்த சட்டத்தில் இருந்து நடக்கிறது. மருத்துவர், பல் மருத்துவர், கண் பரிசோதகர், உளவியலாளர் எனப் பலருக்கும் இதில் இடம் உண்டு. சேருவதற்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். ஆகவே இதைத் தேடி வரும் தமிழர்கள் பெரும்பாலும் அங்கேயே வளர்ந்த பிள்ளைகளாகவோ, "பென்ஷன் உண்டாடா?" என்று அவர்களைக் கேட்கும் பெற்றோராகவோதான் இருப்பார்கள். இரு தரப்புக்கும் இந்தக் கட்டுரை பயன்படும்.

மேரிலாந்தின் பெதெஸ்டாவில் முப்படைகளுக்கென்றே ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படித்தவர்களுக்கு வேறு சட்டப் பிரிவு, வேறு கணக்கு. இங்கே சொல்வது அவர்களுக்குப் பொருந்தாது.

முதலில் ரிசர்வ் ஓய்வூதியம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது தெரியாமல் மேலே போனால் எல்லாம் குழப்பமாக இருக்கும். ரிசர்வ் பணியில் காலத்தை பாயின்ட்டில் அளக்கிறார்கள். ஆக்டிவ் டியூட்டி, அதாவது முழுநேரப் படைப்பணி, செய்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பாயின்ட். வார இறுதியில் நடக்கும் நான்கு மணி நேரப் பயிற்சி ஒன்று ஒரு டிரில், அதற்கு ஒரு பாயின்ட். சனி, ஞாயிறு இரண்டு நாளும் முழுதாகப் போனால் நான்கு கிடைக்கும். ரிசர்வில் உறுப்பினராக இருப்பதற்கே ஆண்டுக்கு 15 பாயின்ட். ஆண்டுக்கு 48 டிரில், இரண்டு வார ஆண்டுப் பயிற்சி, உறுப்பினர் பாயின்ட் 15 என்று கூட்டினால், ஒழுங்காகப் போய்வரும் ஒருவருக்கு 77 பாயின்ட் வரும்.

இந்தப் பாயின்ட்டுக்கு இரண்டு வேலை உண்டு. ஓராண்டில் 50 பாயின்ட்டாவது சேர்ந்தால்தான் அது தகுதி ஆண்டு. அப்படி 20 தகுதி ஆண்டுகள் இருந்தால்தான் ஓய்வூதியமே உண்டு. இரண்டாவது வேலை, தொகையைத் தீர்மானிப்பது. மொத்தப் பாயின்ட்டை 360-ஆல் வகுத்தால் வருவது சேவை ஆண்டு. அதைப் பழைய திட்டத்தில் 2.5 சதவீதத்தாலும், 2018 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்களுக்கான கலப்புத் திட்டத்தில் 2 சதவீதத்தாலும் பெருக்கினால், சராசரி அடிப்படைச் சம்பளத்தில் எவ்வளவு பங்கு கிடைக்கும் என்பது தெரிந்துவிடும். பணம் கைக்கு வருவது பொதுவாக 60 வயதில்.

தகுதி வேறு, தொகை வேறு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எச்பிஎஸ்பி சலுகையின் உண்மையான மதிப்பு முதலாவதில்தான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது

அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10-ஆம் தலைப்பில் 2126-ஆம் பிரிவு. ஒரே பக்கம்தான். யூனிட்டில் யார் என்ன சொன்னாலும் இதை ஒரு தடவை நீங்களே படித்துவிடுவது நல்லது.

அதன் முதல் பகுதி கதவைச் சாத்துகிறது. திட்டத்தில் இருந்தபோது செய்த சேவை ஓய்வு பெறும் தகுதிக்குக் கணக்கில் வராது, சம்பளத்துக்கான சேவை ஆண்டுகளிலும் சேராது என்கிறது. படிக்கும்போது ஆக்டிவ் டியூட்டியில் காயம்பட்டு உடல் ஊனத்தால் ஓய்வு பெறுவது மட்டும் விலக்கு.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எச்பிஎஸ்பி மாணவர் ரிசர்வில் இரண்டாம் லெப்டினன்ட்டாகவோ, கடற்படையில் என்சைனாகவோ கமிஷன் பெறுகிறார். ஆண்டுக்குப் பத்தரை மாதம் மாதாந்திர உதவித்தொகை. மீதி 45 நாள் முழுச் சம்பளத்தோடு ஆக்டிவ் டியூட்டி பயிற்சி. "45 நாளுக்கு 45 பாயின்ட், உறுப்பினர் பாயின்ட் 15, ஆக மொத்தம் 60. தகுதி ஆண்டு ஆகிவிட்டதே!" என்று மனக்கணக்குப் போடத் தோன்றும். கணக்கு சரி, ஆனால் சட்டத்தின் முதல் பகுதி அந்த 60-ஐயும் ஒதுக்கிவிடுகிறது.

இரண்டாம் பகுதி ஒரு சன்னலைத் திறக்கிறது. மூன்று நிபந்தனைகளையும் நிறைவேற்றியவருக்கு, படிப்பில் இருந்த ஓராண்டுக்கு 50 பாயின்ட் வீதம் வழங்கப் படைத்துறைச் செயலர் அனுமதிக்கலாம். படிப்பை முடித்திருக்க வேண்டும். உதவித்தொகைக்கு ஈடான ஆக்டிவ் டியூட்டிக் கடமையை முடித்திருக்க வேண்டும். போர்க்காலத்தில் அவசரத் தேவை என்று அந்தப் படை அறிவித்த சிறப்புத் துறை கையில் இருக்க வேண்டும். அதிகபட்சம் நான்கு ஆண்டு, அதாவது 200 பாயின்ட். மூன்றாண்டு உதவித்தொகை வாங்கியவருக்கு 150.

"அனுமதிக்கலாம்" என்பதைக் கவனியுங்கள். உரிமை என்று சட்டம் சொல்லவில்லை. அதனால்தான் காகிதம் முக்கியம்.

படி 1: மாணவர் காலக் காகிதங்களைத் தேடி எடுங்கள்

உதவித்தொகை ஒப்பந்தம், கமிஷன் உறுதிமொழிப் படிவம், திட்டத்தில் சேர்த்த ஆணை, 45 நாள் பயிற்சி ஆணைகள், பட்டச் சான்றிதழ். இவை பத்துப் பதினைந்து ஆண்டு பழைய காகிதங்களாக இருக்கும். கணினிப் பதிவு மாறும்போது முதலில் காணாமல் போவதும் இவைதான். இப்போது படித்துக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கே ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வைத்துவிடுங்கள். அப்புறம் யாரும் தேடித் தரமாட்டார்கள்.

திட்டத்தில் சேர்ந்த தேதிக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. நீங்கள் பழைய ஓய்வூதியத் திட்டமா, கலப்புத் திட்டமா என்பதை, படைச் சேவையில் முதன்முதலாகக் காலடி வைத்த தேதியைக் கொண்டுதான் பார்ப்பார்கள். அதற்கு எச்பிஎஸ்பியில் சேர்ந்த நாள் செல்லும். சம்பளத்துக்கு எண்ணப்படாத அதே காலம் இதற்கு மட்டும் எண்ணப்படுகிறது. அரசாங்கத் தர்க்கம் என்று விட்டுவிட வேண்டியதுதான்.

படி 2: கடமைக் காலத்தை முழுதாக முடியுங்கள்

நான்கு ஆண்டு உதவித்தொகைக்கு நான்கு ஆண்டு ஆக்டிவ் டியூட்டி. படை மருத்துவமனையில் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி) செய்தால் அந்தக் காலம் இந்தக் கடனைக் குறைக்காது. ஆனால் அதுவும் ஆக்டிவ் டியூட்டிதான், ஆகவே ஓய்வூதியப் பாயின்ட் நாளுக்கு ஒன்றாக ஏறிக்கொண்டே இருக்கும். படைப்பணியைத் தள்ளிவைக்க அனுமதி வாங்கி வெளி மருத்துவமனையில் ரெசிடென்சி செய்தவருக்கு அந்தப் பாயின்ட் இல்லை. இருபது ஆண்டுக் கணக்குப் போடும்போது இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

பாதியில் விடுவிக்கப்பட்டவரும், பணத்தைத் திருப்பிக் கட்டி வெளியே வந்தவரும் இரண்டாம் நிபந்தனையிலேயே நின்றுவிடுவார்கள். ஆக்டிவ் டியூட்டியை விட்டு வரும்போது கையில் வரும் டிடி 214 படிவத்தில் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டையும் சரிபாருங்கள். கடமை முடிந்ததற்கு அதுதான் சாட்சி.

படி 3: செலக்டட் ரிசர்வில் சேருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

50 பாயின்ட் எப்போது வரவு வைக்கப்படும் என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. படிப்பு முடிந்த பிறகு, செலக்டட் ரிசர்வில் இருந்து 50 பாயின்ட்டாவது சம்பாதித்த ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும், படித்த காலத்தில் ஓர் ஆண்டு வரவாகும். ஒன்றுக்கு ஒன்று. நான்கு ஆண்டும் வேண்டுமென்றால் நான்கு நல்ல ஆண்டுகள் ரிசர்வில் உழைக்க வேண்டும். ஓராண்டில் 47 பாயின்ட்டோடு நின்றுபோனால், அந்த ஆண்டும் போயிற்று, அதோடு வரவேண்டிய மாணவ ஆண்டும் அந்தத் தடவை வராது.

செலக்டட் ரிசர்வ் என்றால் டிரில்லுக்குப் போகும் யூனிட், தேசியக் காவல்படை யூனிட், அல்லது ஆக்டிவ் படைப் பிரிவோடு தனியாக இணைக்கப்பட்ட ரிசர்வ் இடம். ஆக்டிவ் டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போய், படையில் சேரும் எல்லாருக்கும் உள்ள எட்டாண்டு மொத்தக் கடமையின் மீதியைப் பெயரளவில் கழிக்கும் தனிநபர் ரிசர்வ் இதில் அடங்காது. பெரும்பாலான மருத்துவர்கள் போவதென்னவோ அங்கேதான். களைத்துப் போயிருப்பார்கள், வெளியே நல்ல சம்பளத்தில் வேலை காத்திருக்கும், சின்னக் குழந்தைகள் இருப்பார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே கழிக்கும் ஆண்டுகளில் இந்தச் சலுகை ஓடாது. பிற்பாடு செலக்டட் ரிசர்வுக்கு மாறினால் அன்றைக்குத்தான் ஆரம்பம்.

ஆண்டு என்பது இங்கே ஜனவரி முதல் டிசம்பர் வரை அல்ல. ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஆண்டுநாள் உண்டு; பாயின்ட் அறிக்கையில் இருக்கும். டிரில் தேதியைத் தள்ளிப்போடும் முன் அதை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

படி 4: உங்கள் துறை பட்டியலில் இருக்கிறதா?

மயக்கவியல், பொது அறுவை, எலும்பு அறுவை, அவசர மருத்துவம் போன்றவை போர்க்களத்தில் முதலில் தேவைப்படுபவை. போர்க்கால அவசரத் துறை என்றதும் நினைவுக்கு வருபவையும் இவைதான். ஆனால் பட்டியலை ஒவ்வொரு படையும் தனியாக அறிவிக்கிறது, அது மாறவும் மாறும். தரைப்படைப் பட்டியலைக் காட்டி விமானப்படையில் கேட்க முடியாது.

ஆகவே பட்டியலின் நடப்புப் பிரதியை யூனிட்டில் கேட்டு வாங்கி, வெளியான தேதியோடு சேமித்து வையுங்கள். உங்கள் பதிவில் எந்தத் துறைக் குறியீடு இருக்கிறது என்பதும் முக்கியம். தரைப்படையில் 60என் என்றால் மயக்கவியல் நிபுணர், 61ஜே என்றால் பொது அறுவை நிபுணர், 62ஏ என்றால் அவசர மருத்துவர். நிர்வாகப் பொறுப்புக்கோ தலைமைப் பதவிக்கோ போனவர்கள் தங்கள் முதன்மைக் குறியீடு மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சிறப்புத் துறைத் தேர்ச்சிக்கான போர்டு சான்றிதழ் சுவரில் தொங்கினால் மட்டும் போதாது, பதிவேட்டிலும் ஏறியிருக்க வேண்டும்.

படி 5: ஆண்டு முடிந்ததும் கேளுங்கள்

முதல் நல்ல ரிசர்வ் ஆண்டு முடிந்து அறிக்கையில் 50-க்கு மேல் வந்துவிட்டது என்று உறுதியானதும், யூனிட்டின் மனிதவள அலுவலர் வழியாக விண்ணப்பியுங்கள். தரைப்படைக்கு கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள மனிதவளக் கட்டளையகம். விமானப்படைக்கு கொலராடோவின் பக்லி தளத்தில் உள்ள ரிசர்வ் பணியாளர் மையம். கடற்படைக்கு டென்னசியின் மில்லிங்டனில் உள்ள பணியாளர் கட்டளையகம். கடைசியில் பாயின்ட் ஏற்றுகிறவர்கள் இவர்கள்தான்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். 2126-ஆம் பிரிவின் இரண்டாம் பகுதியை முதல் வரியிலேயே சுட்டுங்கள். எச்பிஎஸ்பியில் இருந்த தேதிகள், பட்டம் பெற்ற நாள், ஆக்டிவ் டியூட்டி முடிந்த நாள், துறைக் குறியீடு, 50 பாயின்ட் தாண்டிய ரிசர்வ் ஆண்டு எது, அதற்கு ஈடாகக் கேட்கும் மாணவ ஆண்டு எது என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தை இணையுங்கள். பாதுகாப்புத் துறையின் 1215.07 அறிவுறுத்தல் ரிசர்வ் ஓய்வூதியச் சேவைக் கணக்கைப் பற்றியது. அதையும் குறிப்பிட்டால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு வேலை சுலபம். இந்தச் சலுகையைக் கேள்விப்படாத மனிதவள அலுவலர்கள் இருக்கத்தான் செய்வார்கள். எச்பிஎஸ்பி மருத்துவர் அவர்களிடம் வருவதே அபூர்வம், அதில் இதைக் கேட்பவர் இன்னும் அபூர்வம். சட்டப் பிரிவின் நகலைக் கையோடு கொண்டுபோனால் பேச்சு குறையும்.

நான்கு ஆண்டும் முடியட்டும், மொத்தமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். முதல் ஆண்டே கேட்டால், காகிதத்தில் குறை எங்கே என்பது அப்போதே வெளிவந்துவிடும்.

படி 6: அறிக்கையில் ஏறியதா என்று பாருங்கள்

தரைப்படையில் டிஏ 5016, விமானப்படையில் ஏஎஃப் 526 என்ற படிவங்களில் பாயின்ட் வரலாறு இருக்கும். வரவு வைக்கப்பட்ட 50, நீங்கள் படித்த அந்தப் பழைய ஆண்டின் வரிசையில் வர வேண்டும், இப்போதைய ஆண்டில் அல்ல. அப்படித்தான் பதிய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இந்த ஆண்டின் 77-ஓடு 50-ஐச் சேர்த்து 127 என்று போட்டுவிட்டால் பாயின்ட் கூடும், தகுதி ஆண்டு கூடாது. அதாவது சலுகையின் உயிரே போய்விடும்.

உங்களுக்குச் சாதகமான பிழையும் வரலாம். மாணவ ஆண்டுகளில் பயிற்சி நாளும் உறுப்பினர் பாயின்ட்டும் ஏற்கெனவே ஏறியிருந்து, அதன் மேல் 50-ம் ஏறியிருக்கலாம். சந்தோஷப்படாமல் திருத்தச் சொல்லுங்கள். ஓய்வு பெறும் நேரத்தில் தணிக்கையில் அது கழிக்கப்பட்டால், நம்பியிருந்த பாயின்ட் குறைந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மயக்கவியல் நிபுணர் ஒருவர். நான்கு ஆண்டு எச்பிஎஸ்பி, நான்கு ஆண்டு படை மருத்துவமனையில் ரெசிடென்சி, நான்கு ஆண்டு கடமைப் பணி. எட்டு ஆண்டு ஆக்டிவ் டியூட்டிக்கு லீப் நாளோடு 2,922 பாயின்ட். பிறகு ரிசர்வில் ஆண்டுக்கு 77.

சலுகை இல்லாவிட்டால் 20 ஆண்டுக்கு இன்னும் 12 ரிசர்வ் ஆண்டு வேண்டும். மொத்தம் 3,846 பாயின்ட். 360-ஆல் வகுத்தால் 10.68, பழைய திட்டத்தில் 26.7 சதவீதம்.

சலுகை இருந்தால் எட்டு ரிசர்வ் ஆண்டு போதும். ஆக்டிவ் எட்டு, ரிசர்வ் எட்டு, படிப்பு நான்கு. மொத்தம் 3,738 பாயின்ட். ஏறத்தாழ 26 சதவீதம்.

சலுகையோடு 12 ஆண்டும் இருந்தால் 4,046 பாயின்ட், 28.1 சதவீதம்.

பார்த்தீர்களா, 200 பாயின்ட்டின் பண மதிப்பு 1.39 சதவீதம்தான். சராசரி அடிப்படைச் சம்பளம் மாதம் 10,000 டாலர் என்று வைத்தால் 139 டாலர். கலப்புத் திட்டத்தில் இன்னும் குறைவு. இதற்காக யாரும் காகிதத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆனால் நான்கு ஆண்டு முன்னதாக இருபதைத் தொட முடிகிறதே, அதுதான் விஷயம். நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அறுவை மருத்துவருக்கு நான்கு ஆண்டு வார இறுதிகளும், இன்னொரு போர்முனை அழைப்பு வரக்கூடிய நான்கு ஆண்டுகளும் 139 டாலரைவிடப் பெரியவை. பதினாறாவது ஆண்டில் "போதும்" என்று விலகினால் ஓய்வூதியம் பூஜ்யம். சலுகையோடு அதே இடத்தில் நின்றால் கையில் இருபது.

தாமதமாகப் படிக்க வந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ரிசர்வ் அதிகாரிகள் பொதுவாக 62 வயதில் விலக வேண்டும். சில மருத்துவத் துறையினரை அதற்கு மேலும் வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் அது படையின் விருப்பம். அப்படிப்பட்டவருக்கு நான்கு ஆண்டு என்பது ஓய்வூதியம் உண்டா இல்லையா என்பதையே மாற்றலாம்.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். ஆக்டிவ் டியூட்டியிலேயே 20 ஆண்டு முடிக்கப் போகிறவருக்கு இந்தப் பிரிவால் பைசா பயனில்லை. சம்பள ஏணியிலும் இது ஒரு படி ஏற்றாது. பழைய சம்பளத்தைக் கூட்டித் தரக் கேட்கவும் முடியாது என்று சட்டம் தனியாகவே எழுதி வைத்திருக்கிறது.

மறுத்துவிட்டால்

காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் துறைக் குறியீட்டிலோ, விடுபட்ட ஒரு காகிதத்திலோதான் சிக்கல் இருக்கும். சரிசெய்து மறுபடி அனுப்பலாம். அதிலும் முடியாவிட்டால் ஒவ்வொரு படைக்கும் பதிவுத் திருத்த வாரியம் உண்டு. டிடி 149 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தவறு தெரியவந்த நாளில் இருந்து மூன்று ஆண்டுக்குள் என்பது விதி. நியாயத்தை முன்னிட்டு வாரியம் அந்தக் கெடுவைத் தளர்த்தலாம்.

இருபதைத் தொட்ட பிறகு

20 தகுதி ஆண்டு முடிந்ததும் ஓராண்டுக்குள் அறிவிப்புக் கடிதம் வர வேண்டும். இருபதாண்டுக் கடிதம் என்றே அதைச் சொல்வார்கள். வந்த 90 நாளுக்குள் குடும்ப ஓய்வூதியத் தேர்வைத் துணைவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். எச்பிஎஸ்பி ஆண்டுகள் ஏறினால் இந்தக் கடிதம் நீங்கள் எதிர்பார்க்காத நேரத்தில் வந்து நிற்கும். பிரிக்காமல் மேசையில் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம் ரிசர்வை விட்டு விலகுவதானால், ராஜினாமா செய்து முழுதாக வெளியே வராமல் ஓய்வு ரிசர்வுக்கு மாறுங்கள். மாறினால் 60 வயதில் இருக்கும் சம்பள அட்டவணைப்படி ஓய்வூதியம் கணக்கிடப்படும். முழுதாக விலகினால், விலகிய காலத்தின் பழைய அட்டவணையோடு நின்றுவிடும்; இடையில் ஏறிய விலைவாசி உங்கள் பாடு.

60 வயது வரும்போது பணம் தானாக வராது, அதற்கும் விண்ணப்பிக்க வேண்டும். 2008 ஜனவரி 28-க்குப் பிறகு ரிசர்வில் இருந்து ஆக்டிவ் டியூட்டிக்கு அழைக்கப்பட்டுப் பணியாற்றியிருந்தால், தகுதியான ஒவ்வொரு 90 நாளுக்கும் அந்த வயது மூன்று மாதம் குறையும். 50-க்குக் கீழே போகாது. எச்பிஎஸ்பி பாயின்ட் இந்தக் குறைப்பில் சேராது. ஓய்வூதியம் முன்கூட்டியே வந்தாலும், ஓய்வு பெற்றவர்களுக்கான ட்ரைகேர் மருத்துவக் காப்பீடு 60-இல்தான் தொடங்கும். நடுவில் வேண்டுமென்றால் ஓய்வு ரிசர்வினருக்கான தனிக் காப்பீட்டை முழுப் பிரீமியம் கட்டி வாங்கலாம். விலை அதிகம், வேலை பார்க்கும் மருத்துவமனையின் காப்பீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.